கடல் கடந்து உழைக்கச் சென்றோரும் அவர்தம் காவற் சட்டங்களும்

பொருள் தேடும் பொருட்டுப் பிறந்தகம் விட்டுப் பிரிதல் தமிழ் மக்கட்குப் புதிதன்று. பழைய அகப்பொருள் நூல்களில் பொருள்வயிற் பிரிவு என்பது தனியே வைத்து ஓதப்பட்டுள்ளது. தொல்காப்பியனார் கடல்வழிச் செலவினையும் உளங்கொண்டு, மகளிரை உடன்கொண்டு கடல் கடத்தல் வழக்கன்று எனக் கூறிச் சென்றனர். அக்காலத்துக் கடல் கடந்தவன் தன் பண்டத்தைத் தானே ஏற்றிச் சென்று, விற்று, ஊதியங் கொண்டு, தான் விரும்பியபொழுது மீண்ட வணிகன் ஆவன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழனோ, கையில் பண்டமின்றி, கழுத்தில் கடனோடு சென்றவன். முன்னவன் சரக்கை ஏற்றினான். பின்னவன் தானே சரக்காக ஏற்றப்பட்டான்.

'கூலி' என்னும் சொல்லின் கதையே இதற்குச் சான்றாகும். நம் மொழியில் கூலி என்பது செய்த வினைக்குப் பெறும் ஊதியம். திருவள்ளுவரும் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில் இச்சொல்லை உழைப்பின் பயன் என்ற பொருளிலேயே ஆண்டனர். ஆனால் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆண்ட குடியேற்ற நாடுகளில் இவ்வொலியுடைய சொல் ஊதியத்தைக் குறியாது, உழைக்கும் மனிதனையே குறிப்பதாயிற்று. அவன் பெயரும் ஊரும் மறைந்தன. பதிவுப் புத்தகத்து இலக்கமே அவன் பெயராயிற்று.

நம் சங்கத்துப் பத்திரிகையில் நம் மரபின் பழமையையும் கொடைச் சிறப்பையும் விளக்கும் கட்டுரைகள் பல வந்துள்ளன, அவை வேண்டுவனவே. ஆயினும் நம்மவர் குடும்பங்களுள் இலங்கைக்கோ, மலாயாவுக்கோ, பர்மாவுக்கோ, பிற்காலத்தில் வளைகுடா நாடுகளுக்கோ ஒருவரேனும் சென்றிராத குடும்பம் காண்டல் அரிது. அவர்களுடைய வரலாறும் நம் குல வரலாறேயாம். அன்றியும் அது முடிந்துபோன வரலாறன்று; இன்றும் நம் இளைஞர்கள் அவ்வழியே செல்கின்றனர். ஆதலின் கடல் கடந்து உழைக்கச் சென்றோரைக் காக்க இயற்றப்பட்ட சட்டங்கள் எவ்வாறு தோன்றின, எங்கே தவறின, எங்கே பயன்பட்டன என்பதை ஈண்டு ஆராய்வாம்.

கிரிமிட்டு முறை

ஆங்கிலப் பாராளுமன்றத்தார் 1833-ஆம் ஆண்டில் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றினர். அது 1834 ஆகஸ்டு முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்ட முதலாளிமார் அடிமைகளை இழக்கவே, வேறு ஆட்களைத் தேடினர். அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் தேதி 'அட்லஸ்' என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து முப்பத்தாறு பேரை மொரீசியசுத் தீவில் இறக்கியது. ஐந்தாண்டுக்கு ஓர் ஒப்பந்தம்; அதன் ஆங்கிலப் பெயர் நம் நாட்டு மக்கள் வாயில் 'கிரிமிட்டு' என மருவிற்று.

இவ்வேற்பாடு தொடங்கி மூன்றாண்டு கழிவதற்குள்ளேயே அதனை ஒழுங்குபடுத்த வேண்டிய நிலை ஏற்பட்டது. 1837-ஆம் ஆண்டுச் சட்டம், கப்பலேறுவோனை ஓர் அதிகாரியின்முன் நிறுத்தி, ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை அவன் அறிந்தானா என வினவ வேண்டுமென விதித்தது. இவ்விதி தாளில் இருந்ததேயன்றி வழக்கில் வரவில்லை. ஆளைக் கடத்திச் செல்லுதலும் பொய் சொல்லி ஏற்றுதலும் மிகுந்தன. கல்கத்தாவிலும் இலண்டனிலும் எழுந்த கூக்குரலால் 1839-இல் கூலியாட் குடியேற்றம் முற்றும் தடுக்கப்பட்டது. ஆனால் சர்க்கரை முதலாளிகளின் செல்வாக்குப் பெரிது. மூன்றே ஆண்டில், 1842-இல், மொரீசியசுக்கு வழி மீண்டும் திறந்தது. அப்பொழுது மக்களை அமைதிப்படுத்தும் பொருட்டு 'குடியேறுவோர் காவலர்' என்னும் பதவி ஏற்பட்டது. பின்னர்க் கப்பலேறும் துறைகளிலும் இத்தகைய காவலர் அமர்த்தப்பட்டனர். 1883-ஆம் ஆண்டின் 21-ஆவது சட்டம் அவர்கள் கடமைகளை விரிவாக வகுத்தது. இந்தக் காவலர் பதவி நம் நாட்டில் இன்றும் உண்டு என்பதை வாசகர் நினைவிற் கொள்க.

காவலர் இருந்தும் காவல் இல்லாமற் போனது யாது காரணம் எனின், கூறுவாம். ஒப்பந்தத்தை மீறுதல் உரிமை வழக்காகக் கருதப்படாமல் குற்றமாகக் கருதப்பட்டது. முதலாளி கூலி கொடாவிடின் அவன்மேல் வழக்குத் தொடுக்க வேண்டும்; தொழிலாளி ஒருநாள் வேலைக்கு வாராவிடினோ அவன் சிறை செல்ல வேண்டும். மொரீசியசுத் தீவில் ஒருநாள் வாராதவனுக்கு இருநாட் கூலியைப் பிடித்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறச் சீட்டு வேண்டும். சீட்டுத் தருபவர் தோட்டத்துத் துரை. துரையின்மேல் குறை சொல்லச் செல்வோன் அத்துரையிடமே சென்று சீட்டுக் கேட்க வேண்டும். இத்தகைய ஏற்பாட்டில் காவலர் எத்துணை நல்லவராயினும் அவர் செவிக்கு முறையீடு எட்டுவது எங்ஙனம்?

நேட்டாலும் தமிழரும்

தமிழர்க்கு இம்முறை மிக நெருங்கிய உறவுடையதானது தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நாட்டில். 1860 நவம்பர் 16-ஆம் தேதி 'டுரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேரைத் தர்பன் துறையில் இறக்கிற்று. 1911-ஆம் ஆண்டு வரை ஏறக்குறைய 1,52,000 பேர் அந்நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்; அவருள் மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறை வழியே சென்றவர்கள். ஒப்பந்தப்படி முதலாண்டில் ஆண்மகனுக்கு மாதம் பத்து ஷில்லிங்கு. ஆண்டுதோறும் ஒரு ஷில்லிங்கு உயர்வு.

இந்நாட்டு வரலாற்றில் நாம் சிறப்பாகக் கருத வேண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஒப்பந்தம் முடிந்து 1871-இல் சென்னைக்குத் திரும்பிய தொழிலாளர்கள், தாங்கள் பட்ட அடியையும் பறிகொடுத்த கூலியையும் துறைமுகத்து அதிகாரியிடம் எடுத்துரைத்தனர். எழுத்தறியாத அவ்வேழைகளின் வாய்மொழி ஏட்டில் ஏறிற்று. இந்திய அரசாங்கத்தார், குறைகள் தீர்ந்தாலன்றி இனி ஆள் அனுப்புவதில்லை என்றனர். நேட்டால் அரசாங்கத்தார் 1872-இல் விசாரணைக் குழு ஒன்றை அமைக்கவும், அங்கே ஒரு காவலரை நியமிக்கவும் நேர்ந்தது. அதன் பின்னரே 1874-இல் கப்பல்கள் மீண்டும் ஓடின. கடல் கடந்தோரின் குறையைத் தீர்க்கத் துணிந்து முதற்கண் வாய் திறந்தவர் அறிஞருமல்லர், செல்வருமல்லர். திரும்பி வந்த தொழிலாளரே என்பது இதனாற் புலனாகும்.

எனினும் கொடுமை அடியோடு ஒழிந்ததில்லை. 1894-இல் பாலசுந்தரம் என்னும் தமிழர், முதலாளி அடித்ததனால் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் குருதி ஒழுக, தலைப்பாகையைக் கையில் ஏந்தியவராய்த் தர்பன் நகரில் வழக்கறிஞராயிருந்த காந்தியடிகளிடம் வந்தார். வெள்ளையர்முன் செல்லும் தொழிலாளி தலைப்பாகையைக் கழற்ற வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம். அதனையே அவர் காந்தியடிகளிடத்தும் செய்தார். காந்தியடிகள் தலைப்பாகையை அணிந்துகொள்ளச் சொல்லி, மருத்துவரிடம் சான்று பெற்று, நீதிபதிமுன் முறையிட்டார். அவர் கேட்டது முதலாளிக்குத் தண்டனையன்று; பாலசுந்தரத்தை அவனிடமிருந்து விடுவித்தலையே. அக்காலச் சட்டப்படி விடுதலை என்பது வேறு முதலாளிக்கு மாற்றப்படுதலேயாம். அந்த அளவில் வெற்றி கிடைத்தது. இச்செய்தி சென்னை வரை பரவி, தமிழ்த் தொழிலாளர்கள் காந்தியடிகளைத் தம்மவராகக் கருதத் தொடங்கினர்.

மறு ஆண்டே நேட்டாலார் மற்றொரு சூழ்ச்சி செய்தனர். ஐந்தாண்டு கழிந்தபின் மீண்டும் ஒப்பந்தத்திற் கட்டுப்படாமலும் தாய்நாடு திரும்பாமலும் அங்கே தங்குவோர், ஆண்டுதோறும் தலைக்கு மூன்று பவுன் வரி செலுத்த வேண்டும் என 1895-இல் சட்டம் இயற்றினர். மாதம் பத்துப் பதினைந்து ஷில்லிங்கு பெறுவோன் தனக்கும் மனைவிக்கும் வளர்ந்த மக்களுக்கும் இவ்வரியைக் கட்டுவது எங்ஙனம்? கட்ட இயலாதவன் மீண்டும் கிரிமிட்டில் விழ வேண்டும்; அதுவே சட்டத்தின் கருத்து. 1913-ஆம் ஆண்டு நடந்த பேரறப்போரில் சுரங்கத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் வேலையை விட்டு எழுந்தனர். நவம்பர் 6-ஆம் தேதி 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் எல்லையைக் கடந்து டிரான்சுவாலை நோக்கி நடந்தனர். தஞ்சை ஜில்லாத் தில்லையாடியைப் பூர்விகமாகக் கொண்ட வள்ளியம்மை என்னும் சிறுமி சிறையில் நோயுற்று, 1914 பிப்ரவரி 22-ஆம் தேதி, பதினாறாம் வயதில் உயிர் நீத்தாள். அவ்வாண்டிலேயே அவ்வரி ஒழிந்தது.

இதற்கிடையில் கோகலே அவர்கள் 1910-இல் பேரரசுச் சட்டசபையில் பேசி, நேட்டாலுக்கு ஆளனுப்புவதை 1911 ஜூலை முதல் நிறுத்தச் செய்தார். 1912-இல் கிரிமிட்டு முறையையே ஒழிக்க அவர் கொணர்ந்த தீர்மானம் தோற்றது. பீஜித் தீவில் ஆண்ட்ரூஸ், பியர்ஸன் என்னும் இருவர் 1915-இல் நேரிற் சென்று கண்டெழுதிய அறிக்கை நாட்டை உலுக்கிற்று. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்னும் விகிதத்தில் மகளிர் கப்பலேற்றப்பட்டனர். தோட்டத்து நெடுங்குடில்களில் அவர்கள் மானத்தோடு வாழ வழியில்லாதிருந்தது. பாரதியார் பீஜித் தீவுப் பெண்களைக் குறித்துப் பாடிய பாட்டை அறியாத தமிழர் இலர். 1916-இல் மாளவியா அவர்களின் தீர்மானத்தை அரசாங்கம் ஏற்றது. 1917-இல் ஆளேற்றுதல் நின்றது. 1920 ஜனவரி முதல் தேதி பீஜியில் எஞ்சியிருந்த கிரிமிட்டுகள் யாவும் கிழித்தெறியப்பட்டன.

கங்காணி முறை

கிரிமிட்டு முறையில் ஆளைக் கட்டியது அரசாங்க முத்திரையிட்ட பத்திரம். இலங்கையிலும் மலாயாவிலும் ஆளைக் கட்டியது உறவு. இதனை நம்மவர் நன்கு உணர்தல் வேண்டும்.

இலங்கை மலைநாட்டில் முதலிற் காப்பியும், 1869-இல் இலைநோய் கண்டு காப்பி அழிந்தபின் தேயிலையும் பயிரிட, ஆயிரக்கணக்கானோர் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து சென்றனர். இவர்களை அழைத்தவன் அயலான் அல்லன். கங்காணி என்பவன் தன் ஊருக்கே வந்து, தன் உறவினரையும், தன் சாதியாரையும், தன் தெருவாரையும் சேர்த்துக்கொண்டு சென்றான். வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்தான். அது கடனாக எழுதப்பட்டது. தோட்டத்தில் அரிசிக்கும் கம்பளிக்கும் மேலும் கடன் ஏறிற்று. நாள்தோறும் வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் இத்துணை எனத் 'தலைக்காசு' கங்காணிக்குக் கிடைத்தது. எனவே ஆள் குறையாதிருத்தல் அவனுக்கு ஊதியம்; ஆள் கடன் தீர்த்து ஊர் திரும்புதல் அவனுக்கு நட்டம்.

இக்கடனின் முடிவான வடிவமே 'துண்டு' என்பது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல விரும்புவோர்க்குத் துரை ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார். இன்ன தொகையைச் செலுத்தினால் இவ்வாட்களை விடுவிப்போம் என்பது அதன் வாசகம். புதிய தோட்டத்தார் அத்தொகையைக் கொடுத்து ஆட்களைப் பெறுவர். அத்தொகை அவர்கள் தலையிலேயே புதுக் கடனாக ஏறும். சட்டப்படி இவர்கள் அடிமைகளல்லர். ஆயினும் விலை குறித்த சீட்டோடு கைமாறினர். துண்டை எழுதியவர் துரையாயினும், அதற்கு வேண்டிய கணக்கை வைத்திருந்தவன் நம்மூர்க் கங்காணியே. 'மாமன்', 'சித்தப்பா' என்று அழைக்கப்பட்டவன் கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது உறவு மறைந்துவிடும். கணக்கைக் கேட்கத் துணிபவன்முன் அதே உறவு வந்து வாயை அடைக்கும். கங்காணி முறை நூறாண்டு நிலைத்ததற்கு இது பெருங்காரணம்.

எல்லாக் கங்காணிகளும் கொடியர் என யாம் கூறவில்லை. நோயுற்றோரைப் பேணியவரும், ஊர்க்கோயிலையும் பள்ளியையும் மறவாதவரும் இருந்தனர். ஆனால் ஒரு முறையின் நன்மை ஒருவனுடைய நற்குணத்தையே நம்பியிருக்குமானால், அதனைப் பாதுகாப்பு என்று சொல்லுதல் பொருந்தாது.

இதனை எதிர்த்து எழுந்தோருள் ஸர் பொன்னம்பலம் அருணாசலம் முதன்மையானவர். பெரி சுந்தரம் முதலியோருடன் கூடி 1919-இல் தொழிலாளர் நலச் சங்கம் கண்டு, தொழிலாளியைச் சிறைக்கனுப்பும் விதிகளை நீக்குமாறு வாதாடினார். 1921-இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. வேலைக் குறைபாட்டிற்காகச் சிறையிடுதலும் நீங்கிற்று. தஞ்சையிற் பிறந்த கோ. நடேசய்யர் தோட்டங்களுக்குள் புடைவை வியாபாரிபோல் வேடம் புனைந்து சென்று தொழிலாளர் நிலையை அறிந்தார் என்பர். பின்னர் 1931-இல் அவர்களுக்கெனத் தொழிற்சங்கமும் அமைத்தார். அவருடைய மனைவியார் மீனாட்சியம்மையாரும் அப்பணியில் உடனின்றார்.

கடனை அறுத்த ஏற்பாடு

இவ்வரலாற்றில் மிகப் பயன்பட்ட சீர்திருத்தம் எது என எம்மை வினவினால், வழிச்செலவைத் தொழிலாளி தலையிலிருந்து இறக்கி முதலாளிமார் தலையில் ஏற்றியதே என்போம். மலாயாவில் 1907-ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தமிழரை வேலைக்கு வைத்திருந்த ஒவ்வொரு முதலாளியும் அந்நிதிக்குக் குறித்த பணம் செலுத்த வேண்டும். அதிலிருந்து கப்பற் கட்டணமும் பிற செலவும் கொடுக்கப்படும். தொழிலாளி பினாங்குத் துறையில் கடனின்றி இறங்குவான். இலங்கையில் 1923-இல் இத்தகைய பொதுநிதி ஏற்பாடு வந்தது. இரு நாட்டிலும் முதலாளிமார் தம் நன்மை கருதியே இதற்கு உடன்பட்டனர் என்பது மெய்யே. ஒருவர் செலவிட்டு அழைத்த ஆளை மற்றொருவர் கவர்ந்துகொள்ளாதிருக்க அது வழியாயிற்று. ஆயினும் கடனின்றி இறங்கியவன் ஒரு மாத அறிவிப்புக் கொடுத்து வேலையை விடலாம் என்ற நிலை ஏற்பட்டது. அந்த உரிமை அவனுக்கு நிமிர்ந்து நிற்க இடந்தந்தது.

1922-ஆம் ஆண்டில் இந்தியச் சட்டசபை குடியேற்றச் சட்டம் ஒன்றை நிறைவேற்றிற்று. சட்டசபையின் உடன்பாட்டோடு அரசாங்கம் அறிவிக்கும் நாடுகளுக்கன்றி, அறிவிக்கும் நிபந்தனைகளின்படியன்றி, தேர்ச்சியற்ற தொழிலாளரை அனுப்புதல் கூடாதென்பது அதன் சாரம். கண்டியிலும் கோலாலம்பூரிலும் இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதிகள் அமர்ந்தனர். நிபந்தனைக்கு உடன்படாத நாட்டுக்கு ஆளனுப்ப மறுக்கும் வலிமை இதனால் நம் நாட்டுக்குக் கிடைத்தது. அதன் பயனை இலங்கையின் 1927-ஆம் ஆண்டுக் குறைந்த கூலிச் சட்டத்திற் காண்கிறோம். 1936-37-இல் மலாயாவுக்குச் சென்று ஆராய்ந்த மகாகனம் சீனிவாச சாஸ்திரியார் கங்காணிகள் வாயிலாக ஆள் சேர்த்தலை நிறுத்த வேண்டுமென எழுதினார். தோட்ட முதலாளிமார் கூலியைக் குறைக்கவே, 1938 ஜூன் மாதத்தில் இந்திய அரசாங்கம் மலாயாவுக்கு உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் செலவைத் தடுத்தது. 1939 ஆகஸ்டில் இலங்கைக்கும் அவ்வாறே தடைவிதித்தது.

சட்டத்தின் எல்லை

ஆயினும் தாய்நாட்டுச் சட்டம் கடல் கடந்து செல்லும் தூரம் சிறிது. அங்குள்ள அரசு மாறினால் காவல் என்ன ஆகும் என்பதை மூன்று நிகழ்ச்சிகள் காட்டும்.

1941-இல் மலாயாவின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் எழுந்தது. சீனத் தொழிலாளருக்கு ஒப்பான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல், துரையைக் கண்டவுடன் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்னும் இழிவை நீக்குதல் ஆகியவை அவர்கள் கேட்டவை. வயிற்றுக்கும் மானத்துக்கும் ஒருங்கே போராடினர். தலைவராய் நின்றவர் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதன், அவர் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர்.

அடுத்த ஆண்டு ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றினர். 1942-43-இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதை அமைக்கத் தோட்டத் தமிழர்கள் வாரிக்கொண்டு போகப்பட்டனர். ஒப்பந்தமும் இல்லை, காவலரும் இல்லை, பிரதிநிதியும் இல்லை. பேதியாலும் முறைக்காய்ச்சலாலும் பட்டினியாலும் பல்லாயிரவர் அக்காட்டில் மடிந்தனர். வெள்ளைக்காரக் கைதிகளின் சமாதிகள் வரிசையாகப் பெயர் பொறித்துப் பேணப்படுகின்றன. அப்பாதையில் மாண்ட தமிழர் பெரும்பாலோர்க்குப் பெயர் எழுதிய கல்லும் இல்லை.

மூன்றாவது இலங்கையில் நிகழ்ந்தது. விடுதலை பெற்ற அந்நாடு 1948-இல் இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர் ஏறக்குறைய ஏழு இலட்சம் பேர் நாடற்றோர் ஆயினர். மறு ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 9,75,000 பேரை இரு அரசுகளும் பங்கிட்டுக்கொள்ள முற்பட்டன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்ப் பார்த்துக்கொள்ளப்படுவர் என்று. மண்ணைத் திருத்தித் தேயிலை வளர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் எண்ணிக்கையாகப் பகுக்கப்பட்டனர். எஞ்சியோர்க்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே குடியுரிமை கிட்டியது. கூலி உயர்ந்தாலும் குடியுரிமை இல்லாதவனுக்கு அக்கூலி நிலைப்பதில்லை என்பது இதன் பாடம்.

இக்காலத்து நிலை

1973-க்குப் பின் எண்ணெய் விலை உயரவே வளைகுடா நாடுகளில் கட்டட வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. கப்பலுக்கு மாறாக விமானம் வந்தது. கங்காணிக்கு மாறாக ஏஜெண்டு வந்தான். இந்திய அரசாங்கம் 1922-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி 1983-இல் புதிய குடியேற்றச் சட்டம் இயற்றிற்று. ஆள் சேர்ப்போர் பதிவு பெற்று, ஈட்டுத்தொகை கட்ட வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவர் குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் காவலரின் அனுமதி பெற வேண்டும் என்பன அதன்வழி வந்த ஏற்பாடுகள். ஏஜெண்டு வாங்கத்தக்க கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதன்மேல் வரியும் என உச்சவரம்பும் வகுக்கப்பட்டது.

உலக அரங்கிலும் முயற்சிகள் நடந்தன. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1949-இலும் 1975-இலும் இவர்களைக் குறித்த உடன்படிக்கைகளை ஏற்றது. 1997-ஆம் ஆண்டு உடன்படிக்கையில், வேலை தேடித் தரும் தனியார் நிலையங்கள் தொழிலாளியிடம் கட்டணம் பெறலாகாது என்னும் விதி இடம்பெற்றது. 1907-இல் மலாயா நிதி கண்ட உண்மையே இது. ஐக்கிய நாடுகள் சபை 1990 டிசம்பர் 18-ஆம் தேதி புலம்பெயர் தொழிலாளர், அவர்தம் குடும்பத்தினர் உரிமை உடன்படிக்கையை நிறைவேற்றியது. 2003 ஜூலையில் அது செயலுக்கு வந்தது. இலங்கை 1996-இலேயே இதனை ஏற்றது. ஆளை வரவழைக்கும் செல்வ நாடுகளோ இதில் கையெழுத்திடாமல் ஒதுங்கி நின்றன. ஆளை அனுப்புவோர் மட்டும் ஒப்பி, ஆளைப் பெறுவோர் ஒப்பாத உடன்படிக்கை ஒருகை ஓசையேயாம்.

வளைகுடா நாடுகளில் வழங்கிய 'கபாலா' என்னும் பொறுப்பாளர் முறையில், தொழிலாளியின் தங்கும் உரிமை அவனை வரவழைத்த முதலாளியோடு பிணைக்கப்பட்டது. முதலாளி இசையாமல் வேலை மாறவும் நாடு திரும்பவும் இயலாதிருந்த நிலை, பழைய துண்டையும் சீட்டையும் நினைவூட்டும். கத்தார் நாடு 2020-இல் வேலை மாற முதலாளியின் இசைவு வேண்டும் என்னும் விதியை நீக்கி, 2021 மார்ச்சு முதல் மாதம் 1,000 ரியால் குறைந்த கூலி எனவும் வகுத்தது. இது நல்ல மாற்றமே. எனினும் 2024 ஜூன் 12-ஆம் தேதி குவைத்து நாட்டு மங்காபில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் தீப்பற்றிய செய்தியை நாம் மறத்தற்கில்லை. கொச்சிக்கு விமானத்தில் வந்திறங்கிய இந்தியர் உடல்கள் 45. அவற்றுள் 7 தமிழ்நாட்டாருடையவை. 2022-இல் தாய்லாந்தில் கணிப்பொறி வேலை என நம்பிச் சென்ற பட்டம் பெற்ற தமிழ் இளைஞர்கள் மியன்மாரில் மியாவடி என்னும் இடத்தில் அடைக்கப்பட்டு, மோசடித் தொழில் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டனர். எழுத்தறிவு ஒன்றே காவலாகாது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

நாம் செய்யத் தக்கது

மேற்கண்ட வரலாற்றால் தொழிலாளியைக் கட்டும் கயிறுகள் மூன்று எனத் தெளியலாம். ஒன்று, புறப்படும்போதே ஏறும் கடன்; இரண்டு, தன்னிடம் இல்லாத பத்திரம்; மூன்று, உண்மை கேட்க ஆளில்லாத தூரம். இம்மூன்றில் முதலாவது கயிறு பெரும்பாலும் நம் ஊர்களிலேயே திரிக்கப்படுகின்றது. நகையை அடகு வைத்தும் நிலத்தை ஈடு வைத்தும் இலட்சக்கணக்கில் ஏஜெண்டிடம் கொடுப்பதும், அதற்குக் கடன் தருவதும், அந்த ஏஜெண்டைக் கொண்டுவந்து காட்டுவதும் பல இடங்களில் நம்மவரே. அன்று கங்காணிக்கு வாய்த்த அதே உறவுச் சலுகை இன்று தரகனுக்கும் வாய்க்கின்றது. 'நம்மவன்தானே' என்னும் ஒரு சொல் இரசீதுக்கு ஈடாகிவிடுகின்றது. குலப்பற்று நன்று, அது கணக்குக் கேளாமைக்குக் காரணமாகுமாயின் அப்பற்றே பகையாகும்.

ஆதலின் நம் சங்கத்தின் கிளைகள்தோறும் சில ஏற்பாடுகள் செய்தல் வேண்டும். வெளிநாடு செல்வோரின் ஒப்பந்தத்தைக் கற்றறிந்த ஒருவர் தமிழில் வாசித்துப் பொருள் சொல்லாமல் எவரும் கையெழுத்திடலாகாது. ஏஜெண்டு அரசாங்கப் பதிவு பெற்றவரா என்பதை 'ஈ-மைக்ரேட்' என்னும் அரசாங்கத் தளத்தில் பார்த்து உறுதி செய்தல் வேண்டும். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புவதாகச் சொல்வோன் நம் இனத்தவனே ஆயினும் விலக்குதற்குரியன். கொடுத்த பணத்துக்கு இரசீது பெற வேண்டும். பாஸ்போர்ட்டு, விசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் படிகள் வீட்டில் ஒன்றும் கிளைச் சங்கத்தில் ஒன்றுமாக இருத்தல் வேண்டும். அரசாங்கத்தின் பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்னும் காப்பீட்டில், விபத்தால் உயிரிழப்போர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் கிடைக்க வழியுண்டு. அதனை அறியாமல் இழக்கும் குடும்பம் நம்மில் இருத்தலாகாது. யார், எந்நாட்டில், எவரிடம் பணி செய்கின்றார் என்னும் பதிவேடு ஒன்றைக் கிளைகள் வைத்தல் வேண்டும்.

இவையாவற்றினும் மேலான ஒன்று, 1871-இல் சென்னைத் துறையில் நிகழ்ந்ததை நாமும் செய்வது. திரும்பி வந்தோர் பட்டதைச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை. வெளிநாட்டிலிருந்து வெறுங்கையோடு வந்தவன் நாணி ஒளிகின்றான். வந்தவனை ஊரார் எள்ளுகின்றனர். அவன் வாயை மூடுவதால் அடுத்த இளைஞன் அதே ஏஜெண்டின் வாயிலில் நிற்கின்றான். ஆண்டுக் கூட்டத்தில் பட்டம் பெற்றோரையும் பதவி பெற்றோரையும் மேடையேற்றும் நாம், கடல் கடந்து உழைத்துத் திரும்பியோரையும் ஏற்றி, அவர் கூறுவதைக் கேட்டு ஏட்டில் எழுதிக் காவலர் அலுவலகத்துக்கு அனுப்புவோமாயின், அது பல தீர்மானங்களினும் பயன் தரும். நேட்டால் கரும்புத் தோட்டத்து எழுத்தறியா உழவர் ஓர் அரசாங்கத்தையே மூன்றாண்டு பதில் சொல்ல வைத்தனர். அவர்கள் வழித்தோன்றல்களாகிய நாம் அவ்வளவேனும் செய்யக் கடமைப்பட்டுள்ளோம். வரும் பொதுக்கூட்டத்தில் நம் பெரியோர் இதனை ஆராய்ந்து ஆவன செய்வாராக.